பன்னிரண்டாவது ஜாக்கெட்

வெள்ளிக்கிழமை இரவு, பதினொன்று நாற்பது. ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்பனை... அதற்கு அப்பால் இருட்டு. முன்னால் போன பழ லோரி எப்போதோ திரும்பிப் போய்விட்டது, அதன் புளித்த வாடை மட்டும் காருக்குள் தங்கியிருந்தது. தனபாலன் தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

டொக்.

காரின் பின்பெட்டிக்குள்ளிருந்து. மேடு ஏறி இறங்கினால், டொக். வளைவில் திரும்பினால், டொக்... டொக். வேறு யாராவது என்றால் வண்டியை நிறுத்திப் பார்த்திருப்பார்கள். தனபாலன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். உள்ளே உருளுவது என்னவென்று அவருக்குத் தெரியும்.

இது எங்கோ யாருக்கோ நடந்ததில்லை. நம் செல்வாவின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. மீன் பிடிக்கப் போன கதையைத் தவிர வேறெதிலும் செல்வா கூட்டிச் சொல்ல மாட்டான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்திவிட்டு வாருங்கள்.

தனபாலனை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். புக்கிட் செந்தோசாவில் மூலை வீடு, ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், இஸ்திரி கலையாத சட்டை. பிறந்தது ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலையாட்களின் வரிசை வீடான லயத்தில், ஆனால் அதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, அண்ணன் செல்லையாதான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், செம்பனைப் பழம் வெட்டி, லோரியில் ஏற்றி, தம்பியைப் படிக்க வைத்தார்.

செல்லையாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்தும் தம்பி வீடு வரவில்லையென்றால் லயத்து முனையில் நின்று விசில் அடிப்பார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். தம்பி எங்கிருந்தாலும் "இருக்கேண்ணே!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். ஒருமுறை தம்பி கூட்டாளி வீட்டிலேயே தூங்கிப்போக, அண்ணன் விடியும்வரை மழையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்துப்போய்விட்டது. காலையில் தம்பியைப் பார்த்தபோது ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்படிப்பட்ட அண்ணன் ஒருநாள் சாரோங் கைலியோடு, கையில் பலாப்பழத்தோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். யார் என்று கேட்டவர்களிடம் தனபாலன் சொன்னது: "எஸ்டேட்டுல தெரிஞ்சவரு." அது அண்ணன் காதில் விழுந்ததா இல்லையா என்று தனபாலனுக்கு அப்போது தெரியவில்லை. பழத்தை வைத்துவிட்டு, "வேலையப் பாரு தம்பி" என்று போய்விட்டார்.

கடைசிக் காலத்தில் மாதா மாதம் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இதே காரில்தான். முன் சீட்டில் உட்காரமாட்டார். "அது ஆபீஸு கிராணிமாரு உக்கார்ற இடம்லா" என்பார். பின் சீட்டில் இடப்பக்கம் ஏறிக்கொள்வார். பெல்ட் போடாவிட்டால் இந்தக் கார் விடாது. டிங், டிங், டிங் என்று கத்திக்கொண்டே இருக்கும். "இந்த வாரு எனக்குப் பிடிபடல தம்பி" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிப்பார். தம்பிதான் இறங்கி வந்து மாட்டிவிட வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் செல்லையா இறந்தார். எரித்த மறுநாள் காலை, மஞ்சள் துணி கட்டிய சின்ன மண்கலயத்தில் அஸ்தியை வாங்கிக்கொண்டு தனபாலன் கோலசிலாங்கூர் ஆற்று முகத்துக்குக் கிளம்பினார். பாதி வழியில் போன் வந்தது. மகள் நித்தியாவைப் பெண் பார்க்க அன்று சாயங்காலமே வருகிறோம் என்றார்கள். பெட்டாலிங் ஜெயாவில் வசதியான குடும்பம். பையன் பவனேஷ், நித்தியாவோடு படித்தவன்.

சாவு விழுந்த வீடு, இன்னும் காரியம்கூட முடியவில்லை, பிறகு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தள்ளிப்போடுவார்கள்... தள்ளிப்போட்டால் மனம் மாறிவிடுவார்கள். தனபாலன் சாலையோரத்தில் நின்று, "தாராளமா வாங்க" என்றார். கலயத்தைப் பின்பெட்டியில், மாற்று டயர் பக்கத்தில் வைத்தார். காரைத் திருப்பினார். மனைவி அம்சவள்ளியிடம், "கரைச்சாச்சு, தீட்டெல்லாம் அதோட போச்சு. அவங்ககிட்ட எதுவும் பேசாதே" என்றார்.

அன்று சாயங்காலம் பையனின் அம்மா புஷ்பா, பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க வீட்டுக்கு ஒரே பையனா?"

"ஆமாங்க. ஒரே பையன்."

அடுத்த அறையில் அம்சவள்ளியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவ்வளவுதான். பேச்சு முடிவாகிவிட்டது.

கரைத்தாயிற்று என்று சொன்ன பிறகு கரைக்க எப்படிப் போவது? படகு பேச வேண்டும், ஐயரைக் கூப்பிட வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒன்பது மாதம் அந்த அண்ணன் மாற்று டயரோடு கிடந்தார். ஒருமுறை பட்டறைக்காரன் பின்பெட்டியைத் திறந்து, "இது என்ன பாங்?" என்று மலாய்க்காரர் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டான். "ஊறுகாய்" என்றார் தனபாலன். சொன்ன வாயை அன்று இரவு மூன்று முறை கழுவினார். கழுவினால் போகிறதா!

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, இரண்டு குடும்பமும் ஒன்றாக விடுமுறை போகலாம் என்று பவனேஷ் ஏற்பாடு செய்தான். கோலசிலாங்கூரில் மலையடிவாரத்தில் ஒரு வீடு. சனிக்கிழமை பகலில் கோட்டை, பீரங்கி, கலங்கரை விளக்கம். இரவில் யாட் படகில் கடலுக்குள் போய், தண்ணீர் நீலமாக மினுங்குமே, அதைப் பார்ப்பது. "யாட் என் பொறுப்பு மாப்பிள்ளை" என்று தனபாலன் முந்திக்கொண்டார். எல்லோரும் அவருடைய பெரிய மனதைப் பாராட்டினார்கள். அவர் மனதில் ஓடியது வேறு. போகிற போக்கில், யாரும் பார்க்காதபோது, அதையும் போட்டுவிடலாம். இந்த நினைப்பு வந்ததுமே உடம்பு கூசியது. ஆனாலும் விடவில்லை.

வேலை முடிந்து அவர் மட்டும் கடைசியாகக் கிளம்பினார். அந்த வெள்ளிக்கிழமை இரவுதான் டொக், டொக்.

சனிக்கிழமை பகல் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. மலைமேல் ஒரு குரங்கு புஷ்பா அம்மாவின் கைப்பையைத் திறந்து கச்சான் கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பையை மூடியும் வைத்துவிட்டுப் போயிற்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனபாலனும் சிரித்தார். கண் மட்டும் கீழே, கார் நிற்கிற பக்கமே இருந்தது.

மாலை ஏழு மணி, ஆற்றங்கரையில் படகு ஏறுகிற ஜெட்டி. வெள்ளை வெளேரென்று யாட் நின்றது. ஓட்டுகிறவர் ஃபாரூக் பாய். அவருடைய வாப்பா நாகூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே கடை வைத்தவர். அந்தக் கடைப் பழக்கத்தில் இவரும் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தோளில் தட்டி எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு...

"பதினொண்ணுன்னு பேர் கொடுத்தீங்க. பன்னெண்டு பேர் வந்திருக்கீங்களே" என்றார். "பரவால்ல, பன்னெண்டு வரைக்கும் ஏத்தலாம்."

பாய் தன்னையே சேர்த்து எண்ணிவிட்டார் என்று தனபாலன் நினைத்துக்கொண்டார். அவருக்கு வேறு கவலை. கையில் ஐஸ் பெட்டி. மேலே குளிர்பானம், ஐஸ் கட்டி. அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கலயம். தூக்கிக்கொண்டுபோய்ப் படகின் பின்முனையில் வைத்தார்.

ஆற்று முகம் தாண்டியது. கரையில் சாப்பாட்டுக் கடைகளின் விளக்குகள் சிறுத்துப்போயின. உப்புக் காற்று. இயந்திரத்தின் தடதடப்பு. புஷ்பா அம்மா குடிக்க ஏதாவது எடுக்கலாமென்று ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டார்... கை கலயத்தில் பட்டது.

"என்ன சம்பந்தி இது? சில்லுனு..."

"ஊறுகாய்ங்க" என்றார் தனபாலன்.

"யாட்டுல ஊறுகாயா! அப்பா, சீரியஸ்லா?" என்று நித்தியா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு அவர் அப்படிப் பெயர் வைப்பது இது இரண்டாவது தடவை. காது மடல் சுட்டது. ஒரு டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

நல்ல இருட்டில் ஃபாரூக் பாய் இயந்திரத்தை நிறுத்தி, விளக்குகளை அணைத்தார். தண்ணீரைக் கலக்கினால் நீலம் மினுங்கியது. ஆ, ஊ என்று எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். பின்முனையில் தனபாலனும் ஐஸ் பெட்டியும் மட்டும்.

கலயத்தை எடுத்தார். கற்பூரம் இல்லை. பூ இல்லை. ஒரு கைப்பிடி அரிசி இல்லை. ஐஸ் பட்டு மஞ்சள் துணி ஈரமாக இருந்தது. துணியை அவிழ்த்து, கலயத்தைத் தண்ணீரில் சாய்த்து விட்டார். சாம்பல் பிரிந்தது. பிரிந்த இடமெல்லாம் நீலம் பற்றிக்கொண்டு, கீழே... கீழே... ஒரு ஆள் நீளத்துக்கு இறங்கியது. 'அண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சம்பந்தி! இங்க வாங்க, படம் எடுப்போம்!"

"இதோ வந்துட்டேங்க!" என்று போய்விட்டார். போய், பல் தெரியச் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

திரும்பும் நேரம் வந்தது. ஃபாரூக் பாய் விளக்கைப் போட்டு எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு... பதினொண்ணு. நின்றார். மறுபடி எண்ணினார். பதினொண்ணு.

"ஒருத்தர் எங்க?"

"நாங்க பதினொரு பேர்தான் அங்கிள்" என்றான் பவனேஷ். "ஏறும்போது உங்களையும் சேர்த்து எண்ணியிருப்பீங்க."

"நான் என்னை எண்ண மாட்டேன் தம்பி. பன்னெண்டு ஜாக்கெட் கொடுத்தேன், கொக்கியில ஒண்ணும் இல்ல பாருங்க. அந்தப் பெரியவர் எங்க? வெள்ளை பனியன், கட்டம் போட்ட சாரோங். ஐஸ் பெட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தாரே... அவருக்கு ஜாக்கெட் கிளிப்பு மாட்டத் தெரியல. ரெண்டு கையையும் தூக்கிட்டுச் சிரிச்சாரு. நான்தான் மாட்டிவிட்டேன்."

தண்ணீர் படகின் பக்கவாட்டில் சளப்... சளப்... என்று அடித்தது.

அப்போது கேட்டது. பின்னால், தூரத்தில், கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து. ஜாக்கெட்டில் கட்டியிருக்குமே ஒரு பிளாஸ்டிக் விசில், அந்தச் சத்தம்.

இரண்டு சின்னது... ஒன்று நீளம்.

"யா அல்லா, ஆள் தண்ணியில இருக்கு!" ஃபாரூக் பாய் பாய்ந்து இயந்திரத்தைக் கிளப்பினார். புஷ்பா அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தனபாலனைப் பார்த்தார். "உங்க ஆளா சம்பந்தி? யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அம்சவள்ளியும் பார்த்தாள். அவளுக்கு அந்த விசில் தெரியும். "என்னங்க..." என்றாள், குரலே எழும்பாமல். "பெரிய மாமா..."

ஒரு வார்த்தை போதும். 'இருக்கேண்ணே.' சொன்னால் விசில் நின்றுவிடும். சொன்னால் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்ததை, ஒரே பையன் என்றதை, ஊறுகாய் என்றதை. நித்தியா பவனேஷின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஆளு யாருமில்லங்க" என்றார் தனபாலன். "ஏதோ பறவை. போட்டைத் திருப்பாதீங்க பாய், தண்ணி இறங்குது. கரைக்குப் போவோம்."

ஃபாரூக் பாய் கேட்கவில்லை. ஆளை விட்டுவிட்டு எந்தப் படகுக்காரன் போவான்? விளக்கை அடித்துக்கொண்டு அரைமணி நேரம் வட்டம் போட்டார். எந்தப் பக்கம் போனாலும் விசில் பின்னாலேயே கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். அவசரமே இல்லாமல், பிள்ளை எப்படியும் குரல் கொடுத்துவிடுவான் என்கிற மாதிரி. தனபாலன் தண்ணீரைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து நான்கு வயது ஆள். சின்னப் பிள்ளை மாதிரி ஜாக்கெட் கிளிப்பைத் திறப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அப்புறம் ஃபாரூக் பாய் விளக்கைத் தற்செயலாக உள்ளே திருப்பினார். பன்னிரண்டாவது ஜாக்கெட் கொக்கியில் தொங்கியது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளிப்பு மாட்டியபடியே இருந்தது.

விசில் நின்றுவிட்டது. ஃபாரூக் பாய் ஏதோ ஓதிவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் படகைக் கரைக்கு விட்டார்.

ஜெட்டியில் எல்லோரும் இறங்கி முன்னால் போனதும், தனபாலனின் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் பயமுறுத்தச் சொல்லல சார். அந்தப் பெரியவர் ஏறினதும் என்கிட்ட கேட்டாரு, என் தம்பி வந்துட்டானான்னு. உங்களத்தான் கைகாட்டுனாரு. கூப்பிடவான்னு கேட்டேன். 'வேணாம், கூப்பிடாதீங்க... அவன் பெரிய மனுசங்களோட இருக்கான்'னாரு."

தனபாலனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொழிற்சாலை வாசலில் சொன்னது அண்ணன் காதில் விழுந்திருக்கிறது.

காரருகே அம்சவள்ளி காத்திருந்தாள். ஒரே கேள்வி கேட்டாள். "அன்னைக்கு நெசமாவே கரைச்சீங்களா?"

"கரைச்சேன்" என்றார்.

அவள் மகளுடைய காரில் போய் ஏறிக்கொண்டாள். தங்கியிருந்த விடுமுறை வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் உட்கார அவருக்குத் துணிவில்லை. தொழிற்சாலையில் ஏதோ அவசரம் என்று போனில் ஒரு பொய்யைச் சொன்னார். பொய் இப்போதெல்லாம் சுலபமாக வந்தது.

இரவு ஒன்று இருபது. அதே ஈஜோக் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. மேட்டில் ஏறி இறங்கினார். டொக் இல்லை. வளைவில் திரும்பினார். டொக் இல்லை. பின்பெட்டி காலி. முடிந்தது என்று அவர் மூச்சை விட்டார்.

டிங்.

டிங். டிங். டிங்.

முன்னால் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட், இடப்பக்கம். பெல்ட் போடவில்லை.

யாராவது உட்கார்ந்தால்தான் அது அடிக்கும். கண்ணாடியில் பார்க்கத் தைரியமில்லை. ஏர்கோன் காற்றில் தைல வாடை வந்தது. அண்ணன் நெற்றியில் தடவிக்கொள்கிற தைலம். அதோடு கடல் சேற்று வாடை.

பழைய தோட்டத்துக்குத் திரும்புகிற மண் பாதை அருகே நிறுத்தினார். இறங்கினார். கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரேயடியாக அடங்கின. சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார்.

சீட்டில் யாரும் இல்லை. ஓர் இடம் மட்டும் நனைந்திருந்தது.

டிங். டிங்.

"இருக்கேண்ணே" என்றார். காற்றுதான் வந்தது. மறுபடி, வாய்விட்டு, சின்ன வயதில் கத்திய மாதிரியே கத்தினார். "இருக்கேண்ணே! இங்கதான் இருக்கேன்!" கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. புஷ்பா அம்மா இல்லை, பவனேஷ் இல்லை. யாருமில்லாத காட்டில்தான் இந்தத் தம்பிக்கு வாய் வந்தது. அது அவருக்கே தெரிந்தது. "நான் ஒரே பையன் இல்லண்ணே..." என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டிங். டிங். டிங்.

அப்புறம்தான் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், எப்போதும் இழுக்கிற மாதிரி, மேலே படாமல், மெதுவாக. மறுபக்கம் கொண்டுபோய் மாட்டினார்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

கதவைச் சாத்தப் போனவர், ஒருமுறை உள்ளே பார்த்தார். பெல்ட் சீட்டில் படியவில்லை. ஓர் ஆள் பருமனுக்கு, நடுவில் எழும்பி நின்றது.

மெல்ல ஏறியது... இறங்கியது.